சுத்துமாத்துப் படங்கள்: கேள்வியும் பதிலும்

போன இதழில் மோசடிக்காரப் படங்கள் பற்றி ஒரு பதிலுக்குள் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகள் இவை. ஒன்றாகவே போட்டுவிடுகிறேன். கதை முடிவுகளைச் சொல்லாமல் இந்த விஷயத்தைக் கதைக்க வழியில்லை, ஆகவே பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்.

மோசடிக்காரனைக் கதாநாயகனாக வைத்துப் படம் வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு கெட்டிக்காரன், கடைசியில் ஒரு திருப்பம். ஆனால் ஒன்று ஓடுகிறது, மற்றது இரண்டாம் நாளே படுத்துவிடுகிறது. எங்கே பிழைக்கிறது அண்ணை?
– வாசகர், கொக்குவில்

ஏமாற்றுகிறவனை எழுதுவதில் அநேகமாக யாரும் பிழைவிடுவதில்லை தம்பி. அவனுக்கு நல்ல சேட்டு, நல்ல வசனம், நடந்து வந்தால் ஒரு இசை, எல்லாம் கிடைத்துவிடும். பிழைப்பது ஏமாறுகிறவனில். முக்கால்வாசிப் படங்களில் அவன் எதைச் சொன்னாலும் நம்புகிற ஒரு விசரன், அல்லது தங்கச் சங்கிலியும் தொந்தியுமாக வந்து கத்திவிட்டுப் போகிற ஒரு பணக்காரன். அப்படிப்பட்டவனைப் பேய்க்காட்டுவதில் என்ன கெட்டித்தனம் இருக்கிறது? பார்க்கிற எங்களுக்கே "என்னிடம் விட்டால் நானும் இவனைச் சுத்துவேன்" என்று தோன்றிவிட்டால் படம் அந்த இடத்திலேயே முடிந்துபோகும், மிச்சம் ஒன்றரை மணித்தியாலமும் சும்மா ஓடுகிற றீல்தான்.

1973 இல் வந்த 'த ஸ்டிங்' படத்தை இதற்காகவே ஒருக்கால் பாருங்கள். ஜோர்ஜ் ரோய் ஹில் இயக்கி, போல் நியூமனும் ரொபேர்ட் ரெட்ஃபோர்டும் நடித்து, சிறந்த படம் உட்பட 7 ஒஸ்கார் எடுத்த படம். எல்லோரும் அந்த இரண்டு அழகர்களைப் பற்றித்தான் கதைப்பார்கள். எனக்கு அந்தப் படத்தைத் தாங்கி நிற்பது ரொபேர்ட் ஷோ நடித்த லொனிகன் என்ற ஆள். ஆளைக் கொல்ல யோசிக்காத கூட்டத் தலைவன், குடிக்க மாட்டான், லேசில் யாரையும் நம்ப மாட்டான். ரயிலில் ஒரு சீட்டாட்டம் வரும். நியூமன் வெறியில் தள்ளாடுகிறவன் மாதிரி வந்து குந்தி, லொனிகனின் பெயரை வேண்டுமென்றே பிழை பிழையாகச் சொல்லிக் கூப்பிடுவான். அந்த மனிசனுக்கு முகம் இறுகிக்கொண்டே போகும். கடைசியில் பொறுக்க முடியாமல் ஏற்கெனவே அடுக்கி வைத்த சீட்டுக் கட்டை இறக்கித் தனக்கு நாலு ஒன்பது வரப் பண்ணுவான், நியூமன் நாலு ஜாக்கை விரிப்பான். 304 சீட்டாட்டம் விளையாடி வளர்ந்த எங்களுக்கு ஜாக் ஒன்பதை வெட்டுவதற்கு விளக்கம் தேவையில்லை. விஷயம் என்னவென்றால் லொனிகனால் "இவன் கள்ளம் விட்டான்" என்று வாயைத் திறக்க ஏலாது, ஏனென்றால் முதல் கள்ளம் விட்டது அவன். அந்தக் கோபத்தோடும் அந்த வாய் அடைப்போடும்தான் அவன் பொய்யான பந்தயக் கடைக்குள் தானே நடந்து வருகிறான், ஒருவரும் அவனைக் கையில் பிடித்து இழுக்கவில்லை.

குதிரைப் பந்தய முடிவு தந்தியில் வருவதைச் சில நிமிஷம் பிந்தச் செய்யலாம், அதற்குள் வென்ற குதிரையின் மீது காசு கட்டலாம் என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. அதாவது அவன் வேறொருவனை ஏமாற்றப் போகிறேன் என்று நினைத்துத்தான் 5 இலட்சம் டொலரைக் கொண்டு வருகிறான். இது கதாசிரியர் இருந்த இடத்தில் யோசித்த விஷயம் இல்லை, அமெரிக்காவில் ஒரு காலத்தில் உண்மையாகவே நடந்த தொழில். டேவிட் மோரர் என்ற மொழியியலாளர் மோசடிக்காரர்களின் பேச்சு வழக்கைத் தேடிப் போய், அவர்களுடைய தொழில்முறை முழுவதையும் எழுதி 1940 இல் புத்தகமாகப் போட்டார். ஏமாறுகிறவன் மனதிலும் ஒரு சின்னக் கள்ளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மோசடி எதுவும் நகராது என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிற சங்கதி. சினிமாவுக்கு இது இரட்டை லாபம். கதை நம்பும்படியாகிறது, எங்கள் மனச்சாட்சியும் சத்தம் போடாமல் இருக்கிறது.

மனச்சாட்சி என்ற சொல்லைச் சும்மா போடவில்லை. எங்கள் ஊரில் இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களில் எத்தனை வீடு ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டி ஏமாந்த வீடு என்று யோசித்துப் பாருங்கள். காணி உறுதியை ஈடு வைத்து, தாலிக்கொடியைக் கழற்றி, மகனைக் கனடாவுக்கு அனுப்புகிறேன் என்று கொடுத்த காசு. பெடியன் வெள்ளவத்தை லொட்ஜில் மாதக்கணக்காகக் கிடந்து, தலைமாத்தின, அதாவது படம் மாற்றி ஒட்டின, பாஸ்போட்டில் இருக்கிற வேறொருவனின் பிறந்த திகதியைப் பாடமாக்கிக்கொண்டு இருப்பான், ஏஜென்சிக்காரனின் போன் ஒரு நாள் நின்றுபோகும். அப்படி ஒரு தாயின் காசை ஒரு கதாநாயகன் சிரித்துக்கொண்டு அடித்தால் சென்னையில் விசில் வரலாம், இங்கே கொட்டகை கப்சிப் ஆகிவிடும். ஆசையில் ஏமாறுகிறவனை வைத்துப் பகிடி பண்ணலாம். வேறு வழியில்லாமல் ஏமாறுகிறவனைத் தொட்டால் அது வேறு படம், அதற்கு வேறு இசை போட வேண்டும்.

'சதுரங்க வேட்டை' முதல் பாதி போல இரண்டாம் பாதி இல்லையே, ஏன்?
– வாசகர், சாவகச்சேரி

2014 இல் எச்.வினோத் அந்தப் படத்தோடு வந்தபோது தமிழில் இந்த வகையில் இவ்வளவு வீட்டுப்பாடம் செய்த படம் நான் பார்த்திருக்கவில்லை. மண்ணுள்ளிப் பாம்பு, ஆள் சேர்த்தால் காசு என்கிற சங்கிலி வியாபாரம், கோபுரக் கலசத்தில் இரிடியம் என்ற விலை கூடின உலோகம் என்று பத்திரிகையில் துண்டுச் செய்தியாக வந்து மறந்துபோகிற மோசடிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எந்த ஆசை தீனி என்று பிரித்துக் காட்டினார். பாம்பை வாங்குகிறவருக்கு இரகசியமாகப் பெரும் பணக்காரனாகிற ஆசை. சங்கிலி வியாபாரத்தில் மண்டபம் நிறைய இருக்கிறவர்களுக்கோ மேடையில் கோட் சூட்டோடு நிற்கிறவன் மாதிரித் தானும் நிற்கிற ஆசை. நட்டி நடராஜ் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு குரலில் கதைப்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் பாதியில் நட்டி நடிக்கிற காந்தி பாபு திருந்திவிடுகிறான். கதாநாயகன் திருந்துவது கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் திருந்தியவனுக்கு அந்தப் படத்தில் வேலை இல்லை, அதனால் அவனைப் பிடித்துக் கட்டி வைத்து, மிரட்டி, பழைய தொழிலை மறுபடி செய்ய வைக்க வேண்டி வருகிறது. அதுவரைக்கும் புத்தியால் ஓடிய கதை துவக்காலும் கத்தியாலும் ஓடத் தொடங்குகிறது. வில்லன்கள் அங்கே வந்து நிற்பது கதாநாயகனைப் பயமுறுத்த மட்டும். அவர்களுக்கென்று ஒரு ஆசையை முதல் பாதியில் காட்டிய அளவு விபரமாகக் காட்டியிருந்தால் கலசக் காட்சி பாம்புக் காட்சியை விழுங்கியிருக்கும். அப்படியிருந்தும் அந்தக் குக்கிராமத்து வீட்டுக் காட்சிகள் எனக்குப் பிடிக்கும், அது சரி, தனிக் கதை.

'ஓஷன்ஸ் லெவன்' எத்தனை முறை போட்டாலும் பார்க்கலாம். அதே ஆட்கள், அதே இயக்குநர், ஆனால் 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' பார்த்துவிட்டு எங்களைத்தான் ஏமாற்றினார்கள் என்று வந்தது. மற்றவர்களுக்கும் அப்படியா, எனக்கு மட்டும்தானா?
– வாசகர், பருத்தித்துறை

உங்களுக்கு மட்டும் இல்லை. 2001 படத்தில் ஒரு லாஸ் வேகாஸ் சூதாட்ட முதலாளி இருக்கிறான், அவனுக்குக் கமராக்கள் இருக்கின்றன, கர்வம் இருக்கிறது, கதாநாயகனின் முன்னாள் மனைவி அவனோடு இருக்கிறாள். பதினொரு பேரும் முட்டி மோதுகிற சுவர் அவன். திட்டத்தில் ஒரு பங்கை எங்களுக்கு மறைத்தார்கள், உண்மைதான். ஆனால் மறைத்த பங்கின் துண்டுகள் கண் முன்னால் கிடந்தன: பெட்டக அறையை அச்சொட்டாகச் செய்து வைத்துப் பயிற்சி எடுத்தார்கள், நாங்களும் பார்த்தோம், எதற்கு என்று கேட்கத்தான் மறந்துபோனோம்.

2004 இல் வந்த இரண்டாம் படத்தில் விலை மதிப்பான ஒரு நகை முட்டையை எடுக்க அவ்வளவு பேர் அவ்வளவு பாடுபட்டு, ஜூலியா ரொபேர்ட்ஸ் நடிக்கிற பாத்திரம் ஜூலியா ரொபேர்ட்ஸ் போல வேஷம் போட்டு, பிடிபட்டு, எல்லாம் முடிந்த பிறகு "நாங்கள் அதை முதலே ரயிலில் மாற்றிவிட்டோம்" என்கிறார்கள். அப்போ நாங்கள் இதுவரை இருந்து பார்த்தது என்ன? அந்த மாற்றத்தை ஊகிக்க எங்களுக்கு ஒரு துரும்புகூடத் தரப்படவில்லை. சீட்டை மறைப்பதில் குற்றம் இல்லை, மேசையில் இல்லாத சீட்டைக் கடைசியில் பொக்கற்றில் இருந்து எடுத்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்? படத்தில் ஏமாறுகிற ஆள் சரியாக இல்லாமல் போனால் இயக்குநர் அந்த வேலைக்குப் பார்வையாளனைப் பிடிப்பார், ரிக்கற் காசையும் கொடுத்துவிட்டு வந்தவனுக்கு அது பிடிக்காது.

இரண்டாம் தரம் பார்த்து முதல் தரத்தைவிட ரசித்தீர்களா என்று யோசியுங்கள், எனக்கு அதுதான் அளவுகோல். 'ஸ்டிங்' கடைசியில் வருகிற எப்.பி.ஐ. காரர்கள் போலி என்று தெரிந்துகொண்டு மறுபடி பாருங்கள், அவர்கள் வருகிற ஒவ்வொரு காட்சியும் இன்னொரு நாடகமாகத் தெரியும்.

'மங்காத்தா', 'சூது கவ்வும்' இரண்டும் இந்த வகைக்குள் வருமா?
– வாசகி, மானிப்பாய்

'மங்காத்தா' கொள்ளைப் படம் தங்கச்சி. கிரிக்கெற் பந்தயக் காசு 500 கோடியை அடிக்கிறார்கள், பிறகு தங்களுக்குள் அடிபடுகிறார்கள். அஜித் அதில் ஆட்களைச் சுத்துகிறார், ஆனால் படம் அதை நம்பி ஓடவில்லை. 'சூது கவ்வும்' கடத்தல் படம், அதுவும் ஐந்து விதிமுறை வைத்துக் கடத்துகிற கூட்டம். கொள்ளைப் படத்தில் பூட்டை உடைத்து எடுக்கிறார்கள், மோசடிப் படத்தில் வீட்டுக்காரன் திறப்பைக் கையில் தந்து தேத்தண்ணியும் போட்டுத் தருகிறான். இரண்டாவதை எழுதுவது எவ்வளவோ கஷ்டம், தமிழில் குறைவாக வருவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்' சுத்தமாக இந்த வகை. இடைவேளையில் அந்த இரண்டு கெட்டிக்காரப் பெடியன்களையே இரண்டு பெட்டைகள் சுருட்டிக்கொண்டு போவார்கள். அதுவரைக்கும் இணையக் கடைகளை ஏமாற்றிச் சிரித்தவர்களுக்கு அப்போதுதான் முகம் வருகிறது. துல்கர் அந்த இடத்தில் அழகாக முழிப்பார்.

உண்மைச் சம்பவம் என்று போட்டால் படம் கூடுதலாக எடுபடுமா? எங்கள் வீட்டில் அந்த வரி வந்தால்தான் பார்க்கிறார்கள்.
– வாசகர், சுன்னாகம்

அந்த வரியை நம்புவதற்கு முன் 'கட்ச் மீ இஃப் யூ கான்' கதையைக் கேளுங்கள். 2002 இல் ஸ்பீல்பேர்க் எடுத்தது. விமானி, டொக்டர், சட்டத்தரணி என்று வேஷம் போட்டு உலகத்தைச் சுத்திய பிராங் அபக்னேல் சொன்ன சுயசரிதைதான் மூலம். பிற்காலத்தில் பழைய பத்திரிகைகளையும் சிறைப் பதிவுகளையும் கிளறியவர்கள், அவர் விமானியாகப் பறந்ததாகச் சொல்கிற காலத்தின் பெரும்பகுதியில் அவர் சிறையில் இருந்திருக்கிறார் என்று எழுதினார்கள். அது சரியென்றால் மிகப் பெரிய மோசடி அந்தக் கதையைச் சொன்னதுதான், அதில் ஏமாந்தது ஹொலிவூட். என்றாலும் படம் அருமை. தகப்பனிடம் அங்கீகாரம் தேடுகிற ஒரு பெடியனின் படம் அது, அந்தப் பங்கு நிற்கிறது.

மற்றப் பக்கம் 1987 மார்ச்சில் பம்பாயில் நடந்தது. ஒருவன் பத்திரிகையில் வேலை விளம்பரம் போட்டு, நேர்முகத் தேர்வு வைத்து, 26 பேரை எடுத்து, சோதனை போடப் பழக்குகிறேன் என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓபரா ஹவுஸ் பகுதியில் இருந்த பெரிய நகைக்கடைக்குள் இறங்கினான். நகைகளை மாதிரிக்கு என்று உறையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துக்கொண்டு, பெடியன்களைக் கடையிலேயே காவலுக்கு நிறுத்திவிட்டுப் போனவன் போனவன்தான், இன்றுவரை பிடிபடவில்லை. அந்த 26 பேரையும் நினைத்துப் பாருங்கள். அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தோடு அங்கே நின்றிருப்பார்கள், ஒன்றும் தெரியாமல்.

நீரஜ் பாண்டே 2013 இல் 'ஸ்பெஷல் 26' ஆக இதை எடுத்தார். அவருடைய கெட்டித்தனம், மோசடிக்காரர்கள் அடிக்கிற வீடெல்லாம் கறுப்புப் பணம் இருக்கிற வீடு என்று வைத்தது. காசு போனவன் பொலிசுக்குப் போக மாட்டான், போனால் அவன்தான் மாட்டுப்படுவான். கதாநாயகன் ஏன் இதைச் செய்கிறான் என்பதற்குச் சின்னதாக ஒரு காரணம் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். 2018 இல் அதையே தமிழில் 'தானா சேர்ந்த கூட்டம்' ஆக எடுத்தபோது சூர்யாவுக்கு வேலை மறுக்கப்பட்ட கோபம், நண்பனின் தற்கொலை, லஞ்சம், வேலையில்லாத் திண்டாட்டம் எல்லாவற்றையும் தோளில் ஏற்றினார்கள். தமிழில் ஒரு பெரிய நட்சத்திரம் சும்மா ஆசைக்குக் களவெடுக்க ஏலாது, நாட்டுக்காகத்தான் எடுக்க வேண்டும். பாட்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கதாநாயகன் நியாயவான் என்று கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எங்களுக்கு நினைவூட்டினால், அவன் பிடிபடுவானோ என்ற படபடப்பு எப்படி வரும்?

பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்த்துக் கெட்டுப்போக மாட்டார்களா ஐயா?
– ஒரு தாய், நல்லூர்

பயப்படாதேங்கோ அம்மா. ஆள் சேர்த்தால் காசு என்கிற பிரமிட் திட்டங்கள் எங்கள் நாட்டில் வங்கிச் சட்டத்தின் கீழ் தடை. மத்திய வங்கி பெயர்ப்பட்டியல் போட்டு விளம்பரமே செய்கிறது, ஆனாலும் படித்த பிள்ளைகள்தான் அதில் போய் விழுகிறார்கள். அந்தப் பட்டியலை வாசிக்காத பெடியன் 'சதுரங்க வேட்டை' மண்டபக் காட்சியைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பான்.

இலங்கையில் இப்படி ஒரு படமும் வரவில்லையா?
– வாசகர், வல்வெட்டித்துறை

வந்திருக்கிறது, எங்கள் பக்கத்தில் பார்த்தவர்கள்தான் குறைவு. 2004 செப்டெம்பரில் இலங்கைத் தேசிய ஹான்ட்போல் அணி என்று சொல்லிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் பவேரியாவுக்குப் போனார்கள், விளையாடித் தோற்றார்கள், பிறகு ஒரு நாள் எல்லோரும் காணாமல் போனார்கள். இலங்கையில் அப்படி ஒரு தேசிய அணியே இருக்கவில்லை. அதை வைத்து உபெர்ட்டோ பசோலினி என்ற இத்தாலியர் 2008 இல் 'மச்சான்' என்று ஒரு சிங்களப் படம் எடுத்தார்.

இங்கே ஏமாறுகிறது ஒரு தனி ஆள் இல்லை, விசா கொடுக்கிற அலுவலகமும் அழைப்பு அனுப்பிய விளையாட்டுச் சங்கமும். ஏமாற்றுகிறவர்கள் கொழும்புச் சேரியில் அன்றாடம் கஷ்டப்படுகிற ஆட்கள். முதல் பதிலில் நான் சொன்னதை அப்படியே தலைகீழாக்குகிறது இந்தப் படம்: வேறு வழியில்லாதவர்கள்தான் இங்கே மோசடிக்காரர்கள். அவர்கள் திட்டத்தில் மைதானத்தில் இறங்குவது இல்லை, இறங்க வேண்டி வருகிறது. பந்தை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாதவர்கள் தேசிய உடுப்போடு நிற்கிற காட்சியில் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். வெளிநாடு போக எங்கள் பெடியன்கள் பட்ட பாட்டைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதலாக உறைக்கும். எங்கேயாவது கிடைத்தால் விடாதேங்கோ.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பற்றி 20 நிமிஷக் குறும்படம் எடுக்கப் போகிறோம். கடைசியில் ஏஜென்சிக்காரனையே ஒரு பெடியன் ஏமாற்றுவதுதான் திருப்பம். என்ன கவனிக்க வேண்டும் அண்ணை?
– பல்கலைக்கழக மாணவர், திருநெல்வேலி

முதலில் ஏஜென்சிக்காரனுக்குக் கறுப்புக் கண்ணாடி போடாதேங்கோ. நான் கண்டவர்கள் எல்லோரும் திருநீறு பூசிய, மெதுவாகக் கதைக்கிற, "காசு அவசரமில்லை அக்கா, முதல் பிள்ளையின்ரை அலுவலைப் பாப்பம்" என்று சொல்கிற மனிசர்கள். வீட்டுக்கு வந்தால் முற்றத்து மாமரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள். போன மாதம் போய்ச் சேர்ந்த ஒரு பெடியனின் தாய் தற்செயலாக அதே நேரம் போன் எடுப்பார். அந்தத் தாயும் அவருடைய ஆள் என்பதை அப்போது சொல்லாமல், ஆனால் குரலை நன்றாகக் கேட்கும்படி வையுங்கள், பிறகு வேறொரு வீட்டில் அதே குரல் கேட்கட்டும். பார்க்கிறவன் தானாகப் பிடிப்பான். வசனத்தில் விளக்கினால் செத்துவிடும்.

உங்கள் திருப்பம் நல்ல திருப்பம், ஆனால் அரைவாசிதான் எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சிக்காரன் எதற்கு ஆசைப்பட்டு விழுகிறான்? அவன் சந்தேகத்திலேயே சீவிக்கிற ஆள், பணம் என்று சும்மா காட்டினால் வர மாட்டான். அவனுக்கும் ஒரு மகன் இருக்கலாம், அந்த மகனை உண்மையான வழியில், உண்மையான விசாவில் அனுப்ப அவன் ஆசைப்படலாம். அப்படி வைத்தால் பெடியன் அவனை ஏமாற்றுகிற காட்சியில் கை தட்டுவதா விடுவதா என்று கொட்டகை திண்டாடும், நீங்களும் திண்டாடுவீர்கள், அதைத்தான் எடுக்க வேண்டும்.

20 நிமிஷத்தில் 12 நிமிஷத்தை அந்த முதல் வீட்டு விறாந்தைக்குக் கொடுங்கள், விமான நிலையக் காட்சியே வேண்டாம், செலவும் மிச்சம். தாயாக நடிக்க நாடகக்காரரைத் தேடாமல் உண்மையாகவே காசு கட்டிய ஒரு அம்மாவிடம் இரண்டு மணித்தியாலம் இருந்து கேளுங்கள், எந்த வார்த்தையில் நம்பினவ என்று. அவ சொல்கிற அந்த வசனத்தில் ஒரு எழுத்தும் மாற்றாதேங்கோ. முடித்ததும் எனக்கும் ஒரு லிங்க் அனுப்புங்கோ.